நர்சரிக்குள் ஒரு பானைக்கடை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து விம்கோ நகர் ரயில்வே கேட்டுக்குப் போகும் பக்கத்தில், நான்கு கிரவுண்ட் காலி மனையில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை ஒரு நர்சரி நடத்திவந்தார். நான் அங்கே கணக்கு எழுதினேன். செடி வரவு, உரச் செலவு, லாரி வாடகை என்று ஆரம்பித்த வேலை, கொஞ்ச நாளில் நர்சரிக்குள் வேறு வியாபாரிகளைக் கூட்டிவந்து உட்காரவைப்பது, அவர்களோடு கணக்குப் பேசுவது, ஒத்துவராவிட்டால் சுமுகமாக அனுப்பிவைப்பது என்று வளர்ந்துவிட்டது. பானைக்காரர், மண் கலப்பவர், மீன் விற்பவர், ஜூஸ் கடைக்காரர் எனப் பலர் வந்தார்கள், சிலர் போனார்கள். ஒரு நர்சரி யாருக்குத் தன் நிழலில் இடம் கொடுக்கிறது என்பதை வைத்தே அது நிலைக்குமா நிலைக்காதா என்று சொல்லிவிடலாம் என்பதை அந்த வேலைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

எங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்தது தீப்பெட்டி ஆலை. ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி 1923-ல் இந்தியாவில் தொடங்கிய நிறுவனம் விம்கோ. கப்பல் படம் போட்ட அதன் தீப்பெட்டி அப்போது எல்லா அடுப்பங்கரையிலும் இருக்கும். என் அப்பாவும் அத்தையின் வீட்டுக்காரரும் அந்த ஆலையில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். தீக்குச்சிக்கு மென்மரம் வேண்டும். அதற்காக அதே கம்பெனி 1980களில் இமயமலை அடிவாரத்துத் தராய் பகுதியில் நாற்றுப்பண்ணை போட்டு, விவசாயிகளுக்கு பாப்ளார் கன்றுகளைக் கொடுத்து வளர்க்கச் சொன்னது. மரத்தைக் கிழித்துக் குச்சியாக்கும் கம்பெனியே கன்று வளர்க்கிறது என்று மாமா பெருமையாகச் சொல்வார். அவர் ஓய்வு பெற்றபோது கையில் வந்த பணத்தை அத்தை நர்சரியில் போட்டதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

ஆனால் செடி வளர்க்க எங்கள் ஊர் சுலபமான இடம் அல்ல. கடல் பக்கத்திலேயே இருக்கிறது. போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். மீஞ்சூர் பக்கம் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்த பிறகு குடிக்கும் தண்ணீர்ப் பாடு கொஞ்சம் தீர்ந்தது. செடிக்கு அந்தத் தண்ணீரை அள்ளி ஊற்ற முடியாது. மெட்ரோ வாட்டரைத் தொட்டியில் பிடித்து, போர் தண்ணீரோடு கலந்து, ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் நல்ல தண்ணீர் கூடுதலாகவும், அரளிக்கும் காகிதப்பூவுக்கும் உப்புத் தண்ணீர் கூடுதலாகவும் விடுவோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகும். அந்தப் புழுதியும் கரியும் இலையில் படியும். சாயங்காலம் இலை கழுவாவிட்டால் மூன்றாம் நாள் செடி களையிழந்துவிடும். கடியத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் லாரியில் வரும் செடிகள் எங்கள் காற்றுக்குப் பழக ஒரு வாரம் நிழல்வலைக்குக் கீழே வைத்திருப்போம்.

இவ்வளவு பாடுபட்டும் நர்சரியில் வருமானம் வருஷம் முழுக்க ஒரே சீராக வராது. தை, மாசியில் ரோஜாவும் சாமந்தியும் போட்டி போட்டு விற்கும். மாசியில் தியாகராஜர் கோயில் உற்சவம் வரும். மகிழடி சேவைக்கு வந்தவர்களில் சிலர் மகிழங்கன்று கேட்டுக்கொண்டு எங்கள் கடைக்கு வருவார்கள். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்த மரம் என்று வீட்டு வாசலில் வைக்க ஆசைப்படுவார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஆள் வராது. ஆடியில் திரும்ப எழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செடி தானாகப் பிழைக்கும், ஆனால் தண்ணீர் தேங்கிய தெருவைத் தாண்டி வாங்க யார் வருவார்? கூலியும் மனை வாடகையும் மட்டும் மாதம் தவறாமல் நிற்கும்.

அந்த இடைவெளியை நிரப்பியவர் கொசப்பேட்டை அக்கா. முதலில் தள்ளுவண்டியில் மண்தொட்டி ஏற்றிக்கொண்டு நர்சரி வாசலில் நிற்பார். எங்களிடம் செடி வாங்கியவர்கள் வெளியே போய் அவரிடம் தொட்டி வாங்குவார்கள். ஒருநாள் அத்தையே அவரைக் கூப்பிட்டு, மேற்குச் சுவரோரம் இருந்த இடத்தைக் காட்டினார். மாத வாடகை பேச்சு வந்ததும் அக்கா கையை உதறினார்.

"மாசாமாசம் இவ்ளோன்னா எனுக்குக் கட்டாது யம்மா. வித்தா குடுக்கறேன். மழைல ஈயோட்டினு உக்காந்திருக்கும்போது உனுக்கு எங்கேர்ந்து குடுப்பேன்?"

அத்தை என்னைப் பார்த்தார். விற்றதில் நூற்றுக்குப் பதினைந்து, கரண்டுக்கும் தண்ணீருக்கும் தனியாக ஒரு சின்னத் தொகை, அட்வான்ஸ் இல்லை, பகடி இல்லை என்று முடிவானது. அன்றைக்கு அது அக்காவின் கஷ்டத்தைப் பார்த்துச் செய்த ஏற்பாடு. ஒரு வருஷம் கணக்கு எழுதிப் பார்த்த பிறகுதான் அதற்குள் இருந்த நியாயம் எனக்குப் புரிந்தது. மாத வாடகை வாங்கியிருந்தால் மழைக்கால நஷ்டம் முழுக்க அவர் தலையில் விழுந்திருக்கும். அவருக்கு விற்கிறதா இல்லையா என்று நாங்களும் கவலைப்பட்டிருக்க மாட்டோம். விற்பனையில் பங்கு என்று ஆனதும், அவர் தொட்டி விற்பதில் எங்களுக்கும் அக்கறை வந்தது. செடி வாங்க வருபவர் தொட்டிகளைத் தாண்டித்தான் உள்ளே வரும்படி நடைபாதையையே மாற்றிப்போட்டோம்.

அதைவிடப் பெரிய லாபம் அவருடைய வருஷக் கணக்கில் இருந்தது. ஆவணியில் களிமண் பிள்ளையார். புரட்டாசியில் கொலு பொம்மை. கார்த்திகையில் அகல் விளக்கு. தையில் பொங்கல் பானை. எங்களுக்குச் செடி ஓடாத மாதங்களிலும் அவருடைய சரக்கு ஓடியது. அகல் வாங்க வந்த அம்மா ஒரு துளசிச் செடியையும் எடுத்துக்கொண்டு போவார். அம்மாதங்களின் கூலிப் பணத்தில் பாதி அக்காவின் பங்கிலிருந்து வந்தது என்பதை நான் கணக்கில் கண்ணால் பார்த்தேன்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். வாடிக்கையாளர் தொட்டியைக் கையில் எடுத்ததும் அக்கா வாங்கி, விரல் கணுவால் தட்டிக் காட்டுவார். கணீரென்றால் நல்ல சூளை. மொட்டையாக ஓசை வந்தால் எங்கோ கீறல். அதைத் தனியே ஒதுக்கிவிடுவார். அடித்துளையின் மேல் ஓர் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைப்பார், தண்ணீர் வடியும், மண் போகாது. செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கவரைப் பிளேடால் கீறி, வேர் மண் உடையாமல் செடியை இறக்கி, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே மண்ணை நிறுத்துவார். "தொட்டிமேல வெள்ளையா பூக்கும், பயந்துடாத. அது உப்பு. நாரைப் போட்டுத் தேச்சுக் கழுவு கண்ணு" என்று சொல்லி அனுப்புவார். எங்கள் பகுதித் தண்ணீருக்கு அந்தப் பாடம் எவ்வளவு முக்கியம் என்பது, செடி செத்துப்போச்சு என்று திரும்பி வந்து சண்டை போடுபவர்கள் குறைந்ததில் தெரிந்தது. பானைக்கடை வந்த பிறகு எங்கள் செடிகள் வாடிக்கையாளர் வீட்டில் அதிக நாள் வாழ்ந்தன. இனி யார் உள்ளே வந்தாலும் இந்த அளவுகோலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாவது கடை வருவதற்கு முன்னால் எழுத்தில் ஏதாவது வேண்டும் என்று அத்தை நினைத்தார். தம்புச் செட்டித் தெருவில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனோம். அவர் ரொம்ப எளிமையாக விளக்கினார். குத்தகை என்று எழுதினால் அந்த இடத்தின் மேல் அவருக்கு உரிமை பிறக்கும். அது சொத்து மாற்றுச் சட்டத்தில் வருகிறது. அனுமதி என்று எழுதினால் உட்கார்ந்து விற்க ஒப்புதல் மட்டும்தான். அது வசதியுரிமைச் சட்டத்தில் வருகிறது. இரண்டும் 1882-ல் வந்த சட்டங்கள். "தாளில் என்ன தலைப்பு என்று கோர்ட் பார்க்காது. பூட்டும் சாவியும் யார் கையில் என்று பார்க்கும்" என்றார். எனவே எந்தக் கடைக்கும் தனிப் பூட்டு கிடையாது, நர்சரி திறந்தால் கடை திறக்கும், மூடினால் மூடும், இடத்தைத் தேவைப்பட்டால் மாற்றிக் கொடுப்போம் என்று எழுதினோம். ஜி.எஸ்.டி. வந்த பிறகு பில்லையும் பிரிக்க வேண்டியிருந்தது. உயிருள்ள செடிக்கு அந்த வரி இல்லை, பிளாஸ்டிக் தொட்டிக்கு உண்டு. ஒரே கல்லாவில் எல்லாவற்றையும் போட்டால் கணக்கு நிற்காது என்பதால் ஆளுக்கொரு பில் புத்தகம் வைத்தோம்.

தோட்டத்துக்குள் கடை என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது கதீட்ரல் சாலை. தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட்டின் முயற்சியால் 1835-ல் உருவான சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் நர்சரிக்குச் செடி வாங்கப் போகும்போது அத்தை என்னையும் கூட்டிப்போவார். வேலை முடிந்ததும் எதிர்ப்பக்கத்தில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். சங்கத்தின் வசம் இருந்த தோட்ட நிலத்தில் உட்லண்ட்ஸ் கிருஷ்ணா ராவ் 1962-ல் தொடங்கிய ஓட்டல் அது. மரத்தடியில் காரை நிறுத்தினால் சன்னலில் தட்டைப் பொருத்திச் சாப்பாடு வைப்பார்கள். எழுத்தாளர்களும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளும் ஒரு காபியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் எழுந்து போ என்று சொன்னதில்லை. மரங்களுக்கு இடையில் உணவு என்ற அந்த அனுபவத்தைச் சென்னை நெஞ்சில் வைத்துக்கொண்டது. ஆனால் அங்கே சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு அது தோட்டக்கலைச் சங்கத்தின் கையில் இருந்த இடம் என்று தெரியும்? நிலம் யாருக்கு என்ற வழக்கு நெடுங்காலம் நடந்து, 2008-ல் ஓட்டல் மூடப்பட்டது. ஏறக்குறைய 20 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா அங்கே எழுந்து 2010 நவம்பர் 24-ல் திறக்கப்பட்டது. சாலையின் மறுபக்கத்து நிலத்தில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தது. ஓட்டலை நான் நேசித்தேன், இன்றும் அந்தக் காபியின் நினைவு இனிக்கிறது. என்றாலும் உள்ளே வந்த கடை தோட்டத்தைவிடப் பெயர் பெற்றுவிட்டால், தோட்டத்துக்கு ஆபத்து வரும் நாளில் அதற்காகப் பேச ஆள் குறைந்துபோகும் என்பதை அந்த இடத்திலிருந்து நான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் நர்சரிக்குள் அடுத்து வந்தவர் கொளத்தூர்த் தம்பி. வண்ண மீனுக்குக் கொளத்தூர் பேர்போன இடம். அங்கே கடை வைக்கக் கையில் பணம் இல்லாமல், நாலு கண்ணாடித் தொட்டியோடு எங்களிடம் வந்தார். எங்கள் உப்புத் தண்ணீரைக் கண்டு அவர் கவலைப்படவில்லை. மோலிக்கும் கப்பிக்கும் கடினமான தண்ணீர் ஒத்துக்கொள்ளும் என்று அவற்றையே அதிகம் வைத்தார். தொட்டி மாற்றும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றினோம். மீன் கழிவில் தழைச்சத்து உண்டு, குரோட்டன்ஸும் மனிபிளான்ட்டும் பச்சைப் பசேலென்று எழுந்தன. ஒரே ஒரு சிக்கல்: மீனுக்கு நோய் கண்டால் தொட்டியில் கல்லுப்புப் போடுவார்கள். அந்தத் தண்ணீர் செடிக்குப் போனால் வேர் கருகிவிடும். அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு டிரம் வாங்கி வைத்தோம். உப்புப் போட்ட தண்ணீர் சிவப்பு டிரம்மில், மற்றது நீல டிரம்மில். இந்த ஏற்பாட்டை ஒப்பந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வக்கீலே படித்துவிட்டு, இதுதான் இந்தத் தாளில் உருப்படியான வரி என்றார்.

எல்லாரும் இப்படிப் பொருந்தவில்லை. ஒரு கோடையில் கரும்பு ஜூஸும் சர்பத்தும் விற்பவர் ஒருவர் வந்தார். வெயிலில் செடி பார்க்க வருபவர்கள் நின்று குடிப்பார்கள், நல்ல வியாபாரம், எங்கள் பங்கும் கணிசமாக வந்தது. ஆனால் சக்கையும் சர்க்கரைப் பாகும் தரையில் சிந்தியதில் எறும்பு ஏறியது. எறும்பு வந்தால் மாவுப்பூச்சியும் பெருகும். பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காத்து, ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு எடுத்தும் போகும். செம்பருத்தி வரிசையில் குருத்தெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல் வெளுத்தது. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் அடித்து அடித்துக் கை ஓய்ந்தது. அத்தை ஜூஸ்காரரை உட்காரவைத்து, ஒரு டம்ளர் மோர் கொடுத்து, செம்பருத்திக் குருத்தைக் கையில் காட்டிப் பேசினார். "உன் மேல கோவம் இல்ல தம்பி. உன் சரக்கு இனிப்பு, என் சரக்கு உசுரு. ரெண்டும் ஒரே எடத்துல ஒத்து வரல." அவரும் புரிந்துகொண்டு ரயில்வே கேட் அருகே கடையை மாற்றிக்கொண்டார். கடைசிவரை அத்தைக்கு ஜூஸ் காசு வாங்காமல்தான் கொடுத்தார்.

2016-ல் மெட்ரோ ரயில் வேலை ஆரம்பித்து, நெடுஞ்சாலை நடுவே தடுப்பு போட்டதும் எங்கள் வியாபாரம் படுத்தது. வண்டி நிறுத்த இடம் இல்லை, புழுதி இரண்டு மடங்கு. அந்த வருஷங்களில்தான் நல்ல வாடகை தருகிறோம் என்று வெளியாட்கள் வந்தார்கள். செல்போன் கடைக்காரர் முன்பக்கப் பத்தடி வேண்டும், நிழல்வலையைக் கழற்றி போர்டு வைக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன மாத வாடகை எங்கள் மனை வாடகையைவிட அதிகம். அத்தை ஓர் இரவு முழுக்க யோசித்தார். முன்பக்கம் வெயில் விழுந்தால் கடியத்திலிருந்து வந்த செடியை எங்கே பழக்குவது? போன் வாங்க வருபவர் செடியைப் பார்க்க உள்ளே வருவாரா? இரண்டுக்கும் பதில் இல்லாததால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த மாதம் கூலி கொடுக்க அவர் வளையல் ஒன்று அடகுக்குப் போனது எனக்குத் தெரியும். 2020 ஊரடங்கு தளர்ந்ததும், வீட்டிலேயே அடைந்து கிடந்தவர்கள் மாடித்தோட்டம் போட ஆரம்பித்தார்கள். மண் கலவையும் தொட்டியும் செடியும் ஒரே இடத்தில் கிடைத்ததால் மணலி, எர்ணாவூர், கத்திவாக்கம் எனச் சுற்றுவட்டாரம் முழுக்க எங்களைத் தேடி வந்தது. 2021 பிப்ரவரி 14-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியபோது முன்பக்கம் எங்கள் கையிலேயே இருந்தது. ரயிலை விட்டு இறங்கி வருபவர் முதலில் பச்சையைத்தான் பார்த்தார்.

நர்சரிக்குள் வேறு கடைகளுக்கு இடம் கொடுக்கும் இந்தத் தொழில் பெரிய அளவில் நடக்கும் நாடு பிரிட்டன். அங்கே கார்டன் சென்டர்களுக்குப் பெரும் விற்பனை வசந்த காலத்தில்தான். மற்ற மாதங்களை ஓட்ட, மீன் தொட்டிக் கடை, துணிக்கடை, உணவுக்கூடம், கிறிஸ்துமஸ் அலங்காரம் என்று உள்ளே இடம் கொடுக்கிறார்கள். பல இடங்களில் விற்பனையில் பங்கு என்ற கணக்குதான். ஸ்காட்லாந்தில் 1865-ல் விதை வியாபாரமாகத் தொடங்கிய டாபீஸை டெஸ்கோ என்ற பெரும் அங்காடி வாங்கி, 2016-ல் விற்றுவிட்டது. செடியைத் தெரிந்தவர்கள் கையில் இல்லாவிட்டால் பெரும் பணமும் தோட்டத்தில் நிலைப்பதில்லை என்றுதான் அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. கிறிஸ்துமஸ் அலங்காரத்தை வைத்து அவர்கள் நிரப்பும் இடைவெளியைக் கொசப்பேட்டை அக்கா அகல் விளக்கை வைத்து நிரப்பினார். கணக்கு ஒன்றுதான்.

இன்று வட சென்னையில் நர்சரி வைத்திருப்பவர்கள் யாராவது என்னைக் கேட்டால், மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். உள்ளே வருபவரால் உங்கள் தண்ணீருக்கு நன்மையா கெடுதலா? உங்கள் நிழலை அவர் குறைக்கிறாரா? உங்களுக்குச் சரக்கு ஓடாத மாதத்தில் அவருக்கு ஓடுமா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் அட்வான்ஸ் கேட்காதீர்கள், விற்றதில் பங்கு வாங்கிக்கொள்ளுங்கள். அரசுக்கும் ஒரு வார்த்தை சொல்ல ஆசை. மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பண்ணை இருக்கிறது, செம்மொழிப் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கிறது. அங்கெல்லாம் தின்பண்டக் கடைக்கு ஏலம் விடும்போது, மண்பாண்டத் தொழிலாளர் ஒருவருக்கும் சுவரோரம் பத்தடி ஒதுக்குங்கள். மாத வாடகை வைக்காதீர்கள். செடியை எப்படித் தொட்டியில் இறக்குவது என்று அவர் வாங்குபவருக்குச் சொல்லிக்கொடுப்பார். அந்தச் செடிகளில் பாதியாவது பிழைக்கும்.